வாண்டில் கரையில் மிச்சம் இருப்பது

தென் லண்டன் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளின் ஆசிரியர்கள், நிர்வாகக் குழுவினர், பெற்றோர் எல்லாருக்கும்,

வணக்கம்.

கோடைச் சுற்றுலாவுக்கு எங்கே போவது என்று நீங்கள் கூடிக் கதைப்பதற்கு முன்னால் இந்த மடல் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் எழுதுகிறேன். இந்த முறை கோச் பிடிக்க வேண்டாம். வாண்ட்ஸ்வொர்த்திலிருந்து க்ராய்டன் வரைக்கும், நாங்கள் தினமும் போய்வருகிற தெருக்களுக்குள்ளாலேயே, 1803-ஆம் ஆண்டில் குதிரை வண்டிகளுக்கான ஓர் இரும்புப் பாதை போட்டார்கள். அந்தத் தடத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவோம்.

நான் வாத்தியார் அல்ல. முப்பது வருடத்துக்கு மேல் வான் ஓடினவன். மொத்த வியாபாரக் கிட்டங்கியில் அரிசி மூட்டையும் தேங்காய் எண்ணெயும் ஏற்றி, டூட்டிங், மிச்சம் (Mitcham என்கிற ஊர்), சட்டன், க்ராய்டன் கடைகளில் இறக்கினவன். பாரம், சில்லு, ரோட்டு இவை மூன்றும்தான் எனக்குத் தெரிந்த பாடம். அதனால் கதை கொஞ்சம் சாரதி வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகளின் பிள்ளைகள் இரண்டு பேரும் உங்களிடம்தான் 'அ' எழுதப் பழகினார்கள்.

சென்ற முறை கடற்கரைக்குப் போனதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒன்பது மணிக்கு வரவேண்டிய கோச் பத்தே முக்காலுக்கு வந்தது. மோட்டார்வேயில் இரண்டு மணித்தியாலம் நின்றோம். பிள்ளைகள் கடலில் கால் நனைத்தது மொத்தமாக நாற்பது நிமிடம். திரும்பி வரும்போது ஒரு சின்னவன் வாந்தி எடுக்க, துடைக்க ஒன்றும் இல்லாமல் என் சேட்டைக் கழற்றித் துடைத்தேன். யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அதே காசையும் அதே நாளையும் இன்னொரு தரம் அப்படிச் செலவழிக்க வேண்டுமா என்றுதான் கேட்கிறேன்.

இந்த எண்ணம் வந்தது பேத்தியால். 2025-இல் நாடு முழுக்க ரயிலுக்கு 200 வயது என்று கொண்டாடினார்கள் அல்லவா? அவளும் இங்கிலிஷ் பள்ளிக்கூடத்தில் புகை விடுகிற எஞ்சின் ஒன்று வரைந்து, கீழே 1825 செப்டம்பர் 27, ஸ்டொக்டன் - டார்லிங்டன் என்று வடிவாக எழுதிக்கொண்டு வந்தாள். பிழை ஒன்றும் இல்லை. நீராவி எஞ்சின் இழுத்த பொதுப் பாதை என்று பார்த்தால் அது பெரிய நாள்தான். ஆனால் அவள் அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தது மிச்சத்தில் ஓடுகிற ட்ராமில். அந்த ட்ராம் ஓடும் வழியில் ஒரு துண்டு, அவள் படத்தில் இருந்த ரயிலைவிட 22 வயது மூத்தது. அதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் வெகுநாள் தெரியாது. அந்த ட்ராம் கடவையில் வானை நிறுத்திக்கொண்டு எத்தனை தரம் பல்லைக் கடித்திருப்பேன்!

முதலில் ஆறு. அதன் பெயர் வாண்டில். எங்கள் ஊர்க் காதுக்கு வண்டில் என்றுதான் கேட்கும். மாட்டு வண்டில் கட்டின பரம்பரைக்கு இதைவிடப் பொருத்தமான ஆறு கிடைக்குமா! உண்மையில் வெண்டெல் என்று ஒருவருடைய குடியிருப்பு என்ற பொருளில் வாண்ட்ஸ்வொர்த் என்ற ஊர்ப்பெயர் வந்து, பிறகு அந்த ஊர்ப்பெயரிலிருந்து ஆற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். க்ராய்டன் பக்கமும் கார்ஷால்டன் பக்கமும் சுண்ணாம்புப் பாறை ஊற்றுகளில் பிறந்து, சுமார் 14 கிலோமீட்டர் ஓடி, வாண்ட்ஸ்வொர்த்தில் தேம்ஸில் விழுகிறது. எங்கள் மகாவலியோடு ஒப்பிட்டால் வாய்க்கால். ஆனால் அந்தக் கொஞ்சத் தூரத்துக்குள் நல்ல இறக்கம் இருக்கிறது. தண்ணீர் வேகமாக ஓடும். அதனால் 1800 வாக்கில் இதன் கரை முழுக்க ஆலைகள்தான். மாவு அரைக்கிற ஆலை, எண்ணெய் ஆலை, செம்பு தட்டுகிற ஆலை, காகிதம், தோல், மூக்குத்தூள், துணிக்குச் சாயம் போடுகிற பட்டறைகள். எல்லாவற்றுக்கும் சக்கரத்தைச் சுற்றுவது இந்த ஆற்றுத் தண்ணீர். மோர்டன் ஹோல் பூங்காவில் மூக்குத்தூள் அரைத்த கட்டடம் இன்றும் நிற்கிறது. பிள்ளைகள் அதன் பக்கத்தில் வாத்துக்குத் தீனி போடுகிறார்கள்.

அந்தக் காலத்தில் லண்டனிலிருந்து போர்ட்ஸ்மவுத் கடற்படைத் துறைமுகத்துக்குச் சாமான் கொண்டுபோக வேண்டும். பிரான்ஸோடு சண்டை. கடல் வழியாகப் போனால் எதிரிக் கப்பல் மறிக்கும். உள்நாட்டு வழி ஒன்று வேண்டும் என்று கதை அடிபட்டது. அதன் முதல் துண்டாக வாண்ட்ஸ்வொர்த்திலிருந்து க்ராய்டனுக்கு ஒரு கால்வாய் வெட்டலாம் என்று யோசித்தார்கள். அந்தக் காலத்தில் பாரம் கொண்டுபோவது என்றால் கால்வாய்தான் முதலில் நினைவுக்கு வரும்.

க்ராய்டன் மேட்டில் இருக்கிறது. படகை மேட்டுக்கு ஏற்ற வழிநெடுக இரண்டு பக்கமும் கதவு வைத்த தொட்டிகள் கட்ட வேண்டும். ஒவ்வொரு படகும் தாண்டும்போது ஒரு தொட்டித் தண்ணீர் மேலிருந்து கீழே போய்விடும். மேலே அவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது? வாண்டிலின் ஊற்றில்தான் கை வைக்க வேண்டும். ஊற்றில் கை வைத்தால் கீழே உள்ள சக்கரங்கள் நின்றுவிடும்.

யாழ்ப்பாணத்தில் காணி உறுதி வாசித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 'கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும்' என்று உறுதியில் ஒரு வரி இருக்கும். எட்டில் ஒரு பங்கு, பதினாறில் ஒரு பங்கு என்று கிணற்றுத் தண்ணீரை எழுதி வைத்திருப்பார்கள். அந்த ஒரு வரிக்காக அண்ணனும் தம்பியும் முப்பது வருடம் முகம் பார்க்காமல் இருந்த வீடுகள் எனக்குத் தெரியும். வாண்டில் கரை ஆலைக்காரருக்கும் அதே பயம்தான். தண்ணீரை விட மாட்டோம்.

கால்வாய் வெட்டுவதில் பேர்போன எஞ்சினியர் வில்லியம் ஜெசொப்பைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் பார்த்துவிட்டு, கால்வாய் வெட்டினால் ஆலைகளுக்குத் தண்ணீர் மிஞ்சாது, அதற்குப் பதிலாக இரும்புப் பாதை போடுங்கள் என்றார். கால்வாய்க்காரரே கால்வாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது. இரும்பும் வேகமும் வேண்டும் என்று ஆசைப்பட்டு யாரும் இதைத் தொடங்கவில்லை. பக்கத்துக் காணிக்காரர் தண்ணீர் தர மறுத்ததால் தண்ணீர் வேண்டாத ஒரு வழியைத் தேடினார்கள். வாண்டில் இப்போதும் ஓடுகிறது என்றால் அந்த மறுப்புக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று எண்ணுகிறேன். பிறகு அதே ஆலைக்காரர்கள் கழிவை விட்டு ஆற்றைப் பாழாக்கியது வேறு கதை. சாயம் கலந்து ஆறு நாளுக்கு ஒரு நிறத்தில் ஓடும் என்று இங்கத்தைய பழைய ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

1801 மே 21-இல் பாராளுமன்றச் சட்டம் வந்தது. பெயர் சரே இரும்புப் பாதை. அதற்கு முன்னும் வடக்கே நிலக்கரிச் சுரங்கக்காரர்கள் தங்கள் தேவைக்குத் தண்டவாளம் போட்டிருந்தார்கள். கால்வாய்க் கம்பனிகளும் கால்வாய்க்கு வாலாகச் சில துண்டுகள் போட்டிருந்தன. ஆனால் பாதை போடுவதற்காகவே ஒரு கம்பனி, அதற்கென்று தனியாக ஒரு பாராளுமன்றச் சட்டம், யாரும் காசு கட்டி ஓடலாம் என்ற ஏற்பாடு, மூன்றும் சேர்ந்து வந்தது இங்கேதான் முதல் தடவை. 1802 தொடக்கத்தில் வாண்ட்ஸ்வொர்த்தில் தேம்ஸோடு சேர்ந்த படகுத்துறையில் தண்ணீர் விட்டார்கள். 1803 ஜூலை 26-இல் பாதை திறந்தது. சுமார் ஒன்பது மைல். ஹக்பிரிட்ஜ் பக்கம் ஒரு கிளையும் போனது.

'யாரும் காசு கட்டி ஓடலாம்' என்றேன் அல்லவா, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கம்பனிக்குச் சொந்தமாகக் குதிரையும் இல்லை, வண்டியும் இல்லை. பாதை மட்டும்தான். ஆலைக்காரர், நிலக்கரி வியாபாரி, சுண்ணாம்புக்காரர் எல்லாரும் தங்கள் வண்டியையும் குதிரையையும் கொண்டுவந்து, தொன்னுக்கும் மைலுக்கும் கணக்குப் பார்த்துச் சுங்கம் கட்டிவிட்டு ஓட வேண்டியதுதான். இன்றைக்கு டோல் ரோட்டில் காசு கட்டி வான் ஓடுகிற மாதிரி. நான் 1803-இல் பிறந்திருந்தால் இந்தப் பாதையில் ஒரு குதிரையும் நாலு வண்டியும் வைத்துப் பிழைத்திருப்பேன். போக ஒன்று, வர ஒன்று என்று இரட்டைப் பாதை போட்டிருந்தார்கள். ஆனால் முன்னால் போகிறவனின் குதிரை சோம்பேறி என்றால் பின்னால் வருகிறவன் முந்த முடியாது. ஏ23-இல் காலை எட்டு மணிக்குப் போகிறவர்களுக்கு அந்த அருமை தெரியும்.

தண்டவாளம் இப்போது நாங்கள் பார்க்கிற மாதிரி இல்லை. பர்லியில், பிரைட்டன் ரோட்டு ஓரமாக உள்ள ரோட்டரி ஃபீல்ட் என்ற சின்னப் பூங்காவில், ஒரு சிறு துண்டைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அது இந்தப் பாதையின் நீட்சியாகக் க்ராய்டனிலிருந்து மெர்ஸ்தம் வரை போன இன்னொரு கம்பனியின் பாதை. செய்முறை ஒன்றுதான். சென்ற மாரியில் பேத்தியை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். தூறல். அவள் குந்தியிருந்து, தலையைச் சரித்துப் பார்த்துவிட்டு, "அம்மப்பா, இது எல் எழுத்து" என்றாள்.

"தமிழில என்ன எழுத்து?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். "ட!"

அதே ட-தான். வார்ப்பிரும்பில் 'ட' மாதிரி ஊற்றிய தகடு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்று அடி நீளம். படுத்திருக்கிற காலின்மேல் சில்லு உருளும். நிமிர்ந்து நிற்கிற கால் சில்லு உள்ளே சரியாமல் பிடித்துக்கொள்ளும். ஒரு பக்கம் ட, எதிர்ப் பக்கம் கண்ணாடியில் பார்த்த ட. இன்றைய ரயிலில் விளிம்பு சில்லில் இருக்கிறது. அங்கே விளிம்பு தண்டவாளத்தில் இருந்தது, சில்லு சாதாரண வண்டில் சில்லு மாதிரித் தட்டை. தகட்டைத் தாங்கக் குறுக்கே கட்டை போடவில்லை. இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சதுரக் கல் பதித்து, கல்லின் நடுவில் துளை போட்டு, துளைக்குள் ஓக் மரத்து ஆப்பை இறுக்கி, அதில் ஆணி அடித்தார்கள். ஏன் குறுக்குக் கட்டை இல்லை என்று பேத்தியிடம் கேட்டேன். அவளே சொன்னாள், "குதிரைக்குக் கால் தடக்கும்." குதிரை நடுவில் நடக்க வேண்டும், அதற்குத்தான் நடுவை வெறுமையாக விட்டார்கள்.

அந்தத் துளைபோட்ட கற்கள்தான் இன்றைக்கு எங்களுக்கு மிஞ்சிய அடையாளம். பாதை மூடினபிறகு அவற்றைப் பிடுங்கிச் சுவருக்கும் வாசல்படிக்கும் தோட்டத்து ஓரத்துக்கும் வைத்துவிட்டார்கள். வாண்ட்ஸ்வொர்த்தில் பழைய பியர் வடிசாலைச் சுவரில் சில கற்களைப் பதித்து விபரப் பலகையும் வைத்தார்கள். நடுவில் ஒற்றைத் துளையோடு ஒன்றரை அடிச் சதுரக் கல் எங்காவது கிடந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள்.

குதிரைக்கு எவ்வளவு பாரம் இழுக்க முடிந்தது என்ற கதை எனக்கு ஒரு பந்தயத்தால் தெரிந்தது. 1805 ஜூலை 24, மெர்ஸ்தம் பாதை திறந்த நாள். சாதாரணக் குதிரை ஒன்று கல் ஏற்றிய பன்னிரண்டு வண்டிகளை இழுத்துக்கொண்டு க்ராய்டன் வரை ஆறு மைல் வந்தது. வண்டி ஒன்று மூன்று தொன்னுக்கு மேல். எடுத்த நேரம் ஒரு மணி 41 நிமிடம். வழியில் நாலு தரம் வேண்டுமென்றே நிறுத்தி, மறுபடியும் கிளம்புகிறதா என்று பார்த்தார்கள். கிளம்பியது. பிறகு இன்னும் வண்டிகளைக் கோத்து, கடைசியில் சுற்றி நின்ற வேலையாட்கள் சுமார் ஐம்பது பேரையும் வண்டிகளில் ஏற்றினார்கள். மொத்தம் 55 தொன். குதிரை அசையாமல் நிற்கும் என்று நினைத்தவர்கள் தோற்றுப்போனார்கள். என் வான் ஒன்றரைத் தொன் ஏற்றினாலே ஸ்ட்ரெதம் மேட்டில் முனகும். ஆனால் சாரதி என்ற முறையில் ஒன்று சொல்லியாக வேண்டும். மெர்ஸ்தமிலிருந்து க்ராய்டனுக்கு மெல்லிய இறக்கம். வெறும் வண்டியை மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போய், பாரத்தை இறக்கத்தில் கொண்டுவருவதுதான் அங்கே தொழில். குதிரையின் கெட்டித்தனத்தில் பாதி நிலத்தின் சாய்வு.

நீராவி எஞ்சின் ஏன் வரவில்லை என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். 1804 பெப்ரவரியில் வேல்ஸில் ட்ரெவிதிக் என்ற எஞ்சினியர் ஓர் எஞ்சினை இதே மாதிரித் தகட்டுப் பாதையில் ஓடவிட்டார். ஓடியது. ஆனால் பாரம் தாங்காமல் தகடுகள் உடைந்தன. வார்ப்பிரும்பு கண்ணாடி மாதிரி, வளையாது, வெடிக்கும்.

இனி, தமிழ்ப் பள்ளிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கப் போகிறவர்களுக்கு. கூட்டத்தில் யார் கேட்பார் என்றும் எனக்குத் தெரியும், அண்ணை கோபிக்கக் கூடாது.

தண்ணீரை விடமாட்டோம் என்று நின்ற ஆலைக்காரரில் முக்கியமானவர்கள் துணிக்கு அச்சடித்துச் சாயம் போட்டவர்கள். மெர்ட்டன், மிச்சம் பக்கம் ஆற்றோர வயல்களில் துணியை விரித்து வெயிலில் வெளுப்பார்கள். அலசுவதற்கு ஓடுகிற நல்ல தண்ணீர் வேண்டும். அவர்கள் செய்தது என்ன துணி? எங்கள் அம்மம்மாமார் 'சீத்தை' என்று சொன்ன பூப்போட்ட பருத்தித் துணி. அந்தத் துணியை இங்கிலாந்துக்கு முதலில் பழக்கியது இந்தியக் கப்பல் சரக்கு, அதில் பெரும்பங்கு சோழமண்டலக் கரையில் எழுதியும் அச்சிட்டும் சாயம் தோய்த்த துணிகள். கடுக்காயில் ஊறவைத்து, படிகாரம் தடவி, சிவப்புக்குச் சாயவேர், நீலத்துக்கு அவுரி. துவைக்கத் துவைக்க நிறம் மங்காத துணியை இங்கத்தைய ஆட்கள் அதற்கு முன் கண்டதில்லை. சீமாட்டியிலிருந்து வேலைக்காரப் பெண் வரைக்கும் அதன் பின்னால் போனார்கள்.

கம்பளிக்காரரும் பட்டுக்காரரும் கூச்சல் போட்டார்கள். 1701-இல் இந்தியாவிலிருந்து அச்சிட்ட துணி இங்கே விற்க வரக்கூடாது என்று சட்டம். சரி, வெள்ளைத் துணியை இறக்கி இங்கேயே அச்சடித்தார்கள். 1721-இல் அச்சிட்ட பருத்தியை உடுத்தவே கூடாது என்று இன்னொரு சட்டம். லினனிலும் கலப்புத் துணியிலும் அச்சடித்தார்கள், ஏற்றுமதிக்கு அச்சடித்தார்கள். 1774-இல் இங்கிலாந்தில் நெய்த பருத்திக்குத் தடை நீங்கியது. இந்தத் தடைகளின் நிழலில் வளர்ந்த தொழில்களில் வாண்டில் கரைத் துணிப் பட்டறைகளும் சேர்த்தி. அந்தத் துணிக்கு அவர்கள் சொன்ன காலிகோ என்ற பெயரே கள்ளிக்கோட்டையிலிருந்து வந்தது.

சாயவேர் என்று மேலே ஒரு சொல் எழுதினேன். அது மன்னாரிலும் யாழ்ப்பாணத்துத் தீவுகளிலும் மணல் நிலத்தில் வளர்கிற ஒரு சின்னச் செடியின் வேர். ஒல்லாந்தர் காலத்தில் அதைத் தோண்டிக் கொடுப்பதையே கடமையாகச் சுமத்தப்பட்ட சனங்கள் இருந்தார்கள். அந்த வேர் கடல் தாண்டிப் போய்த் துணியில் சிவப்பாக ஏறியது. இங்கே சாயவேர் இல்லை, மேடர் என்ற வேறொரு வேரை வைத்து அதே சிவப்பைப் பிடித்தார்கள். பேர்போன துணி வடிவமைப்பாளர் வில்லியம் மொரிஸ் 1881-இல் மெர்ட்டன் அபியில் பட்டறை போட்டபோதும் மேடரும் அவுரியும்தான் தொட்டியில் இருந்தன. ஆக, இந்தக் கரையில் நிற்கிற எங்கள் பிள்ளைகள் வேற்றாள் வீட்டுக் கதை கேட்கப் போகவில்லை. சந்தை போனது சோழமண்டலத்து நெசவாளருக்கும் சாயக்காரருக்கும். அதை நகல் எடுத்த பட்டறைக்காரர் இந்த ஆற்றுத் தண்ணீருக்காக நின்றார்கள். அதனால் கால்வாய் போய் இரும்புப் பாதை வந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் நான் சொல்வதில் கொஞ்சம் மிகை இருக்கலாம், மாவு ஆலைக்காரனும் எண்ணெய் ஆலைக்காரனும் சேர்ந்துதான் நின்றார்கள். ஆனாலும் அந்த நூல் இருக்கிறது.

சென்னைப் பெற்றோருக்கும் ஒரு செய்தி வைத்திருக்கிறேன். 1837 வாக்கில் செங்குன்றத்திலிருந்து ரோட்டுக்குக் கல் கொண்டுவர ஓர் இரும்புப் பாதை ஓடியது. ஆர்தர் காட்டன் என்ற எஞ்சினியர் போட்டது. இந்தியாவின் முதல் பாதை அதுதான். அது வந்து நின்ற இடம் கூவத்தின் வளைவில் சிந்தாதிரிப்பேட்டைப் பாலம். சின்னத் தறிப் பேட்டை என்பதுதான் சிந்தாதிரிப்பேட்டை ஆனது. 1734-இல் கிழக்கிந்தியக் கம்பனி நெசவாளரைக் குடியேற்றிய ஊர். அங்கேயும் ஆறு, அங்கேயும் துணி, அங்கேயும் கல் ஏற்றுகிற பாதை. இதை வைத்து நான் பெரிய தத்துவம் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டிமார் யாராவது சிந்தாதிரிப்பேட்டைக்காரராக இருந்தால் அன்றைக்கு வந்து பிள்ளைகளுக்குச் சொல்லட்டும்.

சரே இரும்புப் பாதை நன்றாகச் சம்பாதித்ததா என்றால், இல்லை. நிலக்கரி, சுண்ணாம்பு, கல், எரு, தானியம் என்று ஓடியது. ஆனால் போர்ட்ஸ்மவுத் வரைக்கும் போகவே இல்லை. 1809-இல் வேறு வழியாக ஒரு கால்வாய் க்ராய்டனுக்கு வந்துவிட்டது, 28 கதவுத் தொட்டிகளோடு. அதுவும் உருப்படவில்லை. அதை ரயில் கம்பனி வாங்கி 1839-இல் தண்டவாளம் போட்டது. இன்றைய வெஸ்ட் க்ராய்டன் ஸ்டேஷன் இருப்பது அந்தக் கால்வாயின் படகுத்துறை இருந்த இடத்தில். குதிரைப் பாதை 1846-இல் மூடப்பட்டது. 1855-இல் விம்பிள்டன் - க்ராய்டன் ரயில் வந்தபோது மிச்சத்திலிருந்து க்ராய்டன் பக்கமாகப் பழைய தடத்தின் ஒரு துண்டை எடுத்துக்கொண்டார்கள். 1997-இல் அந்த ரயிலும் நின்றது. 2000-இல் ட்ராம். மிச்சத்தில் 'ட்ராம்வே பாத்' என்று ஒரு தெரு இருக்கிறது. இப்போதைய ட்ராமைப் பார்த்து வைத்த பெயர் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அது குதிரைப் பாதை விட்டுப்போன பெயர். மிச்சத்தில் மிச்சம் இருப்பது அதுதான்.

அடுத்தது, உங்கள் பாடத்திட்டம். ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தில் வண்டில், சில்லு, அச்சாணி, நுகம், ஆப்பு, கிட்டங்கி, துறை என்று சொற்கள் வருகின்றன. பிள்ளைகள் மனப்பாடம் செய்து, சோதனை எழுதி, மறுநாள் மறந்துவிடுகிறார்கள். ஆப்பு என்ற சொல்லை என் பேத்தி மறக்க மாட்டாள். கல்லில் இருக்கிற துளைக்குள் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியும். சில்லு ஏன் சில்லு, ட ஏன் ட என்று கேட்டால் பத்து நிமிடம் விடாமல் கதைப்பாள், பாதி தமிழிலும் பாதி இங்கிலிஷிலும்தான். இருக்கட்டும்.

பயணம் இப்படி இருக்கலாம் என்று யோசித்து வைத்திருக்கிறேன், நீங்கள் மாற்றலாம். பாதை திறந்த ஜூலை 26 இந்த வருடம் ஞாயிற்றுக்கிழமை வருகிறது, பள்ளிக்கூடமும் விட்டிருக்கும். காலை பத்து மணிக்கு வாண்ட்ஸ்வொர்த்தில் ராம் ஸ்ட்ரீட்டில் சந்திப்போம். வாண்டில் தேம்ஸில் விழுகிற இடத்தைப் பார்த்துவிட்டு, காரட் லேனில் பஸ் எடுத்துக் கொலியர்ஸ் வுட் வரை வருவோம். பழைய பாதையும் ஏறத்தாழ அந்த ரோட்டோடுதான் வந்தது, எனவே பஸ்ஸில் மேல்மாடியில் முன்னால் இருப்பவர்கள் குதிரைக்காரர்கள். அங்கிருந்து மெர்ட்டன் அபி மில்ஸ் நடை தூரம். அங்கே தண்ணீர்ச் சக்கரம் ஒன்று இன்னும் இருக்கிறது. அது சுற்றுவதைப் பார்த்தபிறகு கிணற்றுப் பங்குக் கதையைச் சொன்னால் விளங்கும். ஆற்றோரமாக மோர்டன் ஹோல் பூங்கா, மதியச் சாப்பாடு. அதன் பிறகு மிச்சம், ட்ராம்வே பாத், அங்கிருந்து ட்ராமில் ரீவ்ஸ் கோர்னர். வழியில் வாண்டில் பார்க் என்று ஒரு தரிப்பிடம் வரும், அறிவிப்பைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிக்கட்டும். ரீவ்ஸ் கோர்னர் பக்கத்தில்தான் பழைய பாதை முடிந்தது. ஒன்பது மைலையும் நடக்கச் சொல்லி நான் கேட்கவில்லை, என் முழங்காலும் கேட்காது.

கோச் காசு மிஞ்சும். மிஞ்சினதில் கொஞ்சம் வெள்ளைப் பருத்தித் துணியும் படிகாரமும் கடுக்காயும் வாங்கி, அடுத்த சனிக்கிழமை வகுப்பில் சாயம் தோய்த்துக் காட்டலாம். சாயவேர் கிடைப்பது கஷ்டம், மேடர் தூள் இங்கே கைவினைக் கடைகளில் இருக்கிறது. உங்களில் விஞ்ஞானம் படிப்பிக்கிற ரீச்சர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் விட்டுவிடுகிறேன். படிகாரம் இல்லாமல் ஒரு துண்டும் படிகாரத்தோடு ஒரு துண்டும் போட்டு, இரண்டையும் துவைக்கச் சொல்லுங்கள். எது நிற்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

மழை வந்தால்? வரும். குடை கொண்டுவாருங்கள். நல்ல சப்பாத்து போட்டு அனுப்புங்கள், ஆற்றோர வழி சில இடத்தில் சேறு. தண்ணீர்ப் போத்தல், சின்னப் பிள்ளைகளுக்கு மாற்று உடுப்பு. முதலுதவிப் பெட்டியும் ஒரு பழைய துவாயும் நான் கொண்டுவருகிறேன், இந்த முறை சேட்டைத் தரமாட்டேன்.

சாப்பாட்டுக்கு டூட்டிங்கில் தெரிந்த கடையில் றோல்ஸும் பற்றிஸும் சொல்லிவிடலாம், மரக்கறி வேறு, மற்றது வேறு. ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் எத்தனை பேர் என்று ஜூன் கடைசிக்குள் நிர்வாகத்திடம் கொடுத்துவிட்டால் நான் கடைக்காரரிடம் கணக்குச் சொல்லிவிடுவேன். தலைக்கு இரண்டு போதுமா, மூன்று வேண்டுமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
மிச்சத்திலிருந்து,
ஓய்வு பெற்ற வான் சாரதி ஒருவன்